உட்காரத்தான் கடை! டோக்கியோவின் இஸகாயா இரவுகள்

மாலை ஆறு மணி. டோக்கியோவின் காண்டா ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் சிவப்புக் காகித விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குகின்றன. தலைக்கு மேலே ரயில்கள் தடதடத்துப் போய்க்கொண்டே இருக்கின்றன. அந்தப் பாதையைத் தாங்கும் பழைய செங்கல் வளைவுகளுக்கு அடியிலேயே கடைகள். கரி அடுப்பில் கோழி வாட்டும் புகை தெருவரை வந்து, வீட்டுக்குப் போகிறவர்களை நின்று பார்க்க வைக்கிறது. கறுப்பு கோட், தோளில் பை, தளர்த்திவிட்ட டை. இரண்டு பேராகவும் நான்கு பேராகவும் வந்து, வாசலில் தொங்கும் துணித் திரையை ஒரு கையால் ஒதுக்கி, தலை குனிந்து உள்ளே நுழைகிறார்கள்.

"இரஷ்ஷாய்மஸே!"

உள்ளே இருக்கும் பணியாளர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குரல் கொடுக்கிறார்கள். முதல் முறை போகிறவர் ஏதோ சண்டை என்று திடுக்கிடலாம். 'வாங்க, வாங்க' என்பதுதான் அர்த்தம்.

இதுதான் இஸகாயா. இதை என்னவென்று சொல்வது என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். ஓட்டல் என்றால், இங்கே சோறு கடைசியில்தான் வருகிறது. பார் என்றால், பக்கத்து மேஜையில் ஒரு பாட்டி பேரனுக்குப் பொரித்த கோழியை ஆற்றி ஊட்டிக்கொண்டிருப்பார். மதுவும் உண்டு, சாப்பாடும் உண்டு. ஆனால் இரண்டும் பேச்சுக்குத் துணையாக வருபவைதான்.

பெயரிலேயே அது இருக்கிறது. 'ஸகாயா' என்றால் ஜப்பானில் மதுக்கடை. முன்னால் ஒட்டியிருக்கும் 'இ' என்ற எழுத்துக்கு 'இருத்தல்', 'தங்குதல்' என்று பொருள். வாங்கிக்கொண்டு போகாமல், அங்கேயே இருந்து குடிக்கும் கடை. ஜப்பானிய மொழியில் 'இரு' என்ற வினைச்சொல்லுக்கும் தமிழ் 'இரு'வுக்கும் ஏறக்குறைய ஒரே பொருள் என்பது கேட்க இனிமையான விஷயம். தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் பல ஆண்டுகள் வாதாடினார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ, தற்செயலோ, இந்தக் கடையின் வாசலில் நிற்கும் தமிழருக்கு மட்டும் பெயர்ப்பலகை 'கொஞ்சம் இரு' என்று சொல்வதுபோலத்தான் இருக்கும்.

கேட்காமல் வரும் கிண்ணம்

உள்ளே போனதும் எத்தனை பேர் என்று கேட்பார்கள். விரலைக் காட்டினால் போதும். தனியாக வந்தவருக்குச் சமையல்காரருக்கு எதிரே உள்ள நீள மேடையில் இடம் கிடைக்கும். கூட்டமாக வந்தவர்களுக்குப் பாய் விரித்த தளம். அங்கே ஏறும் முன் செருப்பைக் கழற்ற வேண்டும். சில கடைகளில் மேஜைக்கு அடியில் பள்ளம் வைத்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்த மாதிரியும் இருக்கும், காலைத் தொங்கப்போட்ட மாதிரியும் இருக்கும். முட்டிவலிக்காரர்கள் அந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

உட்கார்ந்தவுடன் கை துடைக்க ஈரத் துண்டு. கோடையில் குளிர்ச்சியாக, குளிர்காலத்தில் ஆவி பறக்க. அடுத்து, மெனுவைத் திறக்கும் முன்பே "குடிக்க என்ன?" என்ற கேள்வி. நான்கு பேர் நான்கு விதமாக யோசித்தால் நேரமாகும் என்பதால் ஜப்பானியர்களிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. "தொரியாஎஸு பீரு." அதாவது, 'இப்போதைக்கு பீர் கொண்டு வாங்க, மற்றதை அப்புறம் பார்க்கலாம்.' மது தொடாதவர்கள் ஊலாங் தேநீர் கேட்கலாம். யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து போகிற குடும்பங்கள் பல, குளிர்ந்த ஊலாங் தேநீரோடு முழு இரவையும் நிம்மதியாக ஓட்டிவிடுகின்றன. 20 வயது நிரம்பாதவர்களுக்கு மது கிடையாது. 2022-ல் வயதுவந்தோர் என்ற வரம்பை 18 ஆகக் குறைத்தபோதும், மதுவுக்கான வயதை மட்டும் அரசு தொடவில்லை.

குடிப்பதற்கு வருவதோடு ஒரு சின்னக் கிண்ணமும் வரும். உள்ளே நான்கு துண்டு கத்தரிக்காயோ, ஒரு பிடி கடற்பாசியோ, வேகவைத்த முள்ளங்கியோ இருக்கும். யாரும் கேட்கவில்லையே என்று நினைக்கலாம். இலவசம் என்று நினைத்துச் சாப்பிட்டவர்கள் பில்லைப் பார்த்துப் புருவம் உயர்த்துவார்கள். ஆளுக்கு 300 முதல் 500 யென்வரை அதில் ஏறியிருக்கும். சுற்றுலாப் பயணிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் அடிக்கடி வாக்குவாதம் வருவது இதில்தான்.

அந்தக் கிண்ணத்தின் பெயர் 'ஓதோஷி'. ஒசாகா பக்கம் 'ட்ஸுகிதாஷி' என்பார்கள். சமையலறையில் முதல் பண்டம் தயாராகும்வரை வெறும் வயிற்றோடு குடிக்க வேண்டாம் என்ற அக்கறை அதில் உண்டு. ஆனால், உண்மையில் அது நாற்காலிக்கான வாடகை. ஒரு தட்டு எடமாமேயை வைத்துக்கொண்டு ஒருவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கலாம் என்றால், அந்த இடத்துக்குக் கடைக்காரர் ஏதாவது வாங்கத்தானே வேண்டும்? டிப்ஸ் என்ற வழக்கம் ஜப்பானில் இல்லை. அந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஓதோஷி அநியாயம் இல்லை. சொல்லாமல் கொண்டுவந்து வைப்பதுதான் பிரச்னை. இப்போது பல கடைகளில் வாசலிலேயே ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிடுகிறார்கள்.

காலிப் பீப்பாயில் லாபம்

டோக்கியோவுக்கு எடோ என்று பெயர் இருந்த காலத்தில் மதுக்கடைகள் அளந்து ஊற்றும் கடைகளாகத்தான் இருந்தன. வாங்குகிறவர் பாத்திரம் கொண்டுவர வேண்டும். வீடுவரை போகப் பொறுமை இல்லாதவர்கள் கடை முன்னாலேயே நின்று குடித்தார்கள். அப்படி நின்றவர்களை விரட்டாமல் உட்கார வைத்ததில்தான் இஸகாயாவின் கதை தொடங்குகிறது.

அந்தக் கதையில் தவறாமல் வரும் பெயர் தொஷிமயா. 1596-ல் காண்டா பகுதியில் தொடங்கிய கடை. அதன் முதலாளி மதுவை ஏறக்குறைய வாங்கிய விலைக்கே விற்றார் என்கிறார்கள். கூடவே, மிசோ தடவிச் சுட்ட டோஃபுவைப் பெரிய பெரிய துண்டுகளாகக் கொடுத்தார். பிறகு லாபம் எங்கிருந்து? காலியான மரப் பீப்பாய்களை விற்று! கூட்டம் வர வர மது தீர்ந்தது. மது தீரத் தீர பீப்பாய் சேர்ந்தது. இன்றைக்கு இதை வணிக மேலாண்மை வகுப்பில் பாடமாகவே வைக்கலாம். அந்த நிறுவனம் நானூறு ஆண்டுகளைத் தாண்டி இன்றும் டோக்கியோவில் நடக்கிறது.

எடோ அப்போது ஆண்களின் நகரம். நாட்டின் பல பகுதிப் பிரபுக்கள் ஷோகன் ஆட்சியாளரின் கட்டளைப்படி மாறி மாறித் தலைநகரில் வந்து தங்க வேண்டும். அவர்களோடு சாமுராய்கள் குடும்பத்தை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். 1657-ல் பெரும் தீ நகரத்தை விழுங்கிய பிறகு, மறுபடி கட்டியெழுப்பத் தச்சர்களும் கூலியாட்களும் குவிந்தார்கள். சின்ன அறை, சமைக்க ஆளில்லை, மாலையில் பேசவும் ஆளில்லை. வேகவைத்த கிழங்கும் மீனும் மதுவும் ஒரே இடத்தில் கிடைக்கும் கடைகள் பெருகாமல் என்ன செய்யும்? 1811-ல் எடுத்த கணக்கின்படி எடோவில் இப்படிப்பட்ட கடைகள் 1,808.

அந்த வரிசையின் தொடர்ச்சியை இன்றும் பார்க்க விரும்புகிறவர்கள் காண்டாவில் மிமஸுயா என்ற கடைக்குப் போகிறார்கள். 1905-ல் தொடங்கியது. டோக்கியோவில் இன்றும் நடக்கும் மிகப் பழைய இஸகாயாக்களில் ஒன்று. 1923 நிலநடுக்கத்தில் அழிந்து, மீண்டும் எழுந்தது. வாசலில் துணிக்குப் பதில் கயிறுகளைத் தொங்கவிட்ட திரை. அந்தக் காலத்தில் 'கயிற்றுத் திரை' என்றாலே மலிவான குடிக்கடை என்றுதான் அர்த்தம். இங்கே 'தோஜோ' என்ற சின்ன மீன் பெயர்பெற்றது. மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு தகவல்: தோஜோவும் நம் அயிரையும் ஒரே மீன் குடும்பம். அங்கே குழம்பில்லை, அவ்வளவுதான்.

கோழியில் வீணாக எதுவும் இல்லை

இஸகாயாவில் தனக்கென்று ஒரு தட்டு நிறைய வாங்கிச் சாப்பிடும் பழக்கம் கிடையாது. எல்லாம் சின்னச் சின்னத் தட்டுகள், மேஜை நடுவில். கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைத் தள்ளிவைக்க வேண்டியதுதான். மூன்று தட்டு தீர்ந்ததும் மறுபடி ஆர்டர். பணியாளரைக் கூப்பிட "ஸுமிமாசென்!" என்று உரக்கக் கத்தலாம். ரயிலில் செல்போனில் பேசுவதையே மரியாதைக் குறைவாக நினைக்கும் ஊரில், கத்திக் கூப்பிட அனுமதி உள்ள அபூர்வமான இடம் இது.

சுவரில் வரிசையாகக் காகிதப் பட்டைகள் தொங்கும். கையெழுத்தில் அன்றைய பண்டங்கள். ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்குப் பக்கத்து மேஜைதான் மெனு. 'அது ஒன்று' என்று கை காட்டினால் சிரித்துக்கொண்டே கொண்டுவருவார்கள். பச்சை மீன் துண்டுகள், பொரித்த கோழி, இனிப்பும் உப்புமாகச் சுருட்டிய முட்டை, எங்கு போனாலும் தவறாமல் ஓர் உருளைக்கிழங்கு சாலட். மேற்கத்தியப் பண்டமான அது எப்படியோ இஸகாயாவின் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. ஒரு கடையின் தரத்தை அதன் உருளைக்கிழங்கு சாலட்டை வைத்து எடைபோடுகிறவர்கள்கூட உண்டு.

ஆனால், ராஜா யாகிதோரிதான். கோழியைச் சின்னத் துண்டுகளாக மூங்கில் குச்சியில் கோத்துக் கரியில் வாட்டுவது. கேட்க எளிமையாக இருக்கிறது. அடுப்பருகே இருக்கை கிடைத்தால் ஒரு பத்து நிமிடம் அந்த மனிதரின் கைகளைப் பார்க்க வேண்டும். இருபது முப்பது குச்சிகள் ஒரே நேரத்தில் அடுப்பில் இருக்கும். தொடைக்கறி ஒரு வேகம், தோல் ஒரு வேகம், ஈரல் இன்னொரு வேகம். எதைத் திருப்ப வேண்டும், எதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று கண் பார்க்கும் முன்பே கை செய்துவிடும். இடது கையில் விசிறி. கொழுப்பு சொட்டி நெருப்பு எழுந்தால் ஒரு தட்டு. "உப்பா, சாறா?" என்று மட்டும் கேட்பார்கள். சாறு என்பது சோயாவும் இனிப்பான சமையல் மதுவும் சேர்ந்த குழம்பு. தீரத் தீரப் புதிதாகச் சேர்த்து, பழையதை முழுவதும் காலி செய்யாமல் ஆண்டுக்கணக்கில் அதே ஜாடியில் தொடரும் கடைகள் உண்டு.

கோழியில் வீணாகும் பாகம் என்று எதுவும் கிடையாது. இதயம், ஈரல், இரைப்பை, குருத்தெலும்பு, கழுத்துக்கறி, மொறுமொறுவென்று வாட்டிய தோல், வால்நுனி என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி விலை. ஈரலுக்கும் இரைப்பைக்கும் வீட்டில் சண்டை போட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே அந்நியமாகவே இருக்காது.

சைவர்கள் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம். இதை மறைத்துப் பயனில்லை. காய்கறியாகத் தெரியும் பண்டத்திலும் 'டாஷி' என்ற சாறு இருக்கும். அதன் உயிர் கட்சுவோபுஷி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோல் ஆகும்வரை உலர்த்தி, சீவல் சீவலாகச் சீவி எடுப்பது. நம்மூரில் மாசிக் கருவாடு தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், அதேதான். ஜப்பானியர்கள் கூடுதலாகப் பூஞ்சணம் பிடிக்கவைத்து இன்னும் இறுகச் செய்கிறார்கள். வெறும் டோஃபு கேட்டால்கூட அதன் தலையில் இந்தச் சீவலைத் தூவி, சூட்டில் அசையும் பூப்போலக் கொண்டுவந்து வைப்பார்கள். உப்பு போட்டு அவித்த எடமாமே, ஊறுகாய், உப்பு மட்டும் தூவி வாட்டிய குடமிளகாய், சோற்று உருண்டை ஆகியவற்றை விசாரித்துக் கேட்டு வாங்கலாம். 'இறைச்சி வேண்டாம்' என்றால் மட்டும் போதாது. மீனும் மீன்சாறும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னாலும் சமையல்காரர் கையை விரிக்கிற நாள் உண்டு.

மேலதிகாரியின் கோப்பை

இனி, பக்கத்து மேஜைக்கு வருவோம். ஒரே அலுவலகத்திலிருந்து வந்த ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் தன் கோப்பையில் தானே ஊற்றிக்கொள்வதில்லை. அடுத்தவர் கோப்பை காலியாவதைப் பார்த்து ஊற்ற வேண்டும். இளையவர் இரண்டு கைகளாலும் பாட்டிலைப் பிடித்து மூத்தவருக்கு ஊற்றுவார். "கம்பாய்!" என்று கோப்பைகளை முட்டும்போது மேலதிகாரியின் கோப்பைக்குக் கொஞ்சம் கீழே தன் கோப்பை இருக்கும்படி பார்த்துக்கொள்வார். அலுவலகத்தின் படிநிலை மேஜைக்கும் வந்துவிட்டது என்று தோன்றும்.

ஒரு மணி நேரம் பொறுங்கள். கோட் நாற்காலிக்குப் போயிருக்கும். முகம் சிவந்திருக்கும். பகலெல்லாம் "ஆமாம் சார்" சொன்ன இளைஞர், அந்தப் புதிய திட்டம் ஏன் உருப்படாது என்று மேலதிகாரியிடமே விளக்கிக்கொண்டிருப்பார். அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். ஜப்பானில் மனதுக்குள் இருப்பதற்கு 'ஹொன்னே' என்றும், வெளியே காட்டுவதற்கு 'ததேமாஏ' என்றும் இரண்டு தனிச் சொற்களே உண்டு. அலுவலகத்தில் இரண்டாவதுதான் செல்லும். முதலாவது வெளியே வர அனுமதிக்கப்பட்ட இடம் இஸகாயா. 'புரேய்கோ' என்பார்கள், 'இன்றைக்கு மரியாதை முறைகள் வேண்டாம்' என்ற அறிவிப்பு. இங்கே சொன்னதை மறுநாள் காலையில் யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது என்பது எழுதாத ஒப்பந்தம். இதற்கென்றே 'நொமினிகேஷன்' என்று ஒரு சொல்லை உருவாக்கினார்கள். குடிப்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லையும் கம்யூனிகேஷனையும் ஒட்டவைத்தது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், அந்த ஆறு பேரில் ஒருவருக்காவது அன்று வர விருப்பம் இருந்திருக்காது. மேலதிகாரி கூப்பிட்டால் மறுப்பது எப்படி? மறுத்தவர் பதவி உயர்வில் பின்தங்குவார் என்ற பயம் பல ஆண்டுகள் இருந்தது. பெண் ஊழியர்கள்தான் எல்லோருக்கும் ஊற்ற வேண்டும், சிரிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. வீட்டில் குழந்தை தூங்கிய பிறகு கடைசி ரயிலில் வரும் அப்பா என்பது ஒரு தலைமுறையின் நினைவு. குடிக்க வற்புறுத்துவதற்கு 'அருஹரா' என்று பெயர் வைத்து, அது துன்புறுத்தல் என்று சொல்லத் தொடங்கியது பிற்பாடுதான். 2021-ல் ஒரு காப்பீட்டு நிறுவனம் எடுத்த ஆய்வில், பத்தில் ஆறு பேர் நொமினிகேஷன் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சட்டமும் கடுமையானது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கு மட்டுமல்ல, தெரிந்தே அவருக்கு ஊற்றிக் கொடுத்தவருக்கும் கூட உட்கார்ந்து போனவருக்கும் தண்டனை என்று 2007-ல் மாற்றினார்கள். அதனால், ஊர்ப்புறக் கடைகளில் 'காரில் வந்தீர்களா?' என்ற கேள்வி மரியாதைக்காகக் கேட்பதல்ல.

இளைஞர்கள் குடிப்பதைக் குறைத்துக்கொண்டே போனதில் கவலைப்பட்டது அரசாங்கம்! 1995-ல் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரி 100 லிட்டராக இருந்த மது, 2020-ல் 75 லிட்டராக இறங்கியது. மொத்த வரி வருமானத்தில் மதுவின் பங்கு 1980-ல் 5 சதவிகிதம், 2020-ல் 1.7 சதவிகிதம். 2022-ல் வரித்துறையே 20 முதல் 39 வயதுவரை உள்ளவர்களிடம், மது விற்பனையை உயர்த்த யோசனை சொல்லுங்கள் என்று போட்டி வைத்தது. நாடெங்கும் கண்டனம் கிளம்பியது. கிளம்பாமல் என்ன செய்யும்?

மணி பார்க்கும் கடை

ஷிஞ்சுகு ரயில் நிலையத்தின் மேற்கு வாசலுக்கு அருகில் 'ஒமொய்தே யொகொசோ' என்று ஒரு சந்து இருக்கிறது. 'நினைவுச் சந்து' என்று சொல்லலாம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் தோளைத் திருப்ப வேண்டும். உலகப்போர் முடிந்த வறுமையில் கறுப்புச் சந்தையாகத் தோன்றிய இடம். கோதுமை மாவுக்குக் கட்டுப்பாடு இருந்ததால், கட்டுப்பாடு இல்லாத குடலையும் ஈரலையும் வாங்கி வாட்டி விற்றார்கள். கழிப்பறை இல்லாததால் அந்தச் சந்துக்கு வேறொரு பெயரும் இருந்தது. குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. 1999-ல் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்தது. மறுபடி கட்டும்போது அகலமாகக் கட்டவில்லை, அதே மாதிரி நெருக்கமாகத்தான் கட்டினார்கள். இன்று மாலை நேரத்தில் போனால் ஜப்பானிய மொழியைவிட மற்ற மொழிகள்தான் அதிகம் காதில் விழும்.

அந்த நெருக்கமே கொரோனா காலத்தில் எதிரியானது. எட்டு மணிக்கு மூடச் சொன்னார்கள். 2021 ஏப்ரலில் அவசரநிலை அறிவித்தபோது, டோக்கியோவில் மதுவே பரிமாறக் கூடாது என்றார்கள். கணவன் சமைக்க, மனைவி பரிமாற, பத்து இருக்கைகளோடு நடந்த எத்தனையோ கடைகளுக்கு அதுவே கடைசி இரவு. கொரோனா இல்லாவிட்டாலும் சில கடைகள் மூடியிருக்கும். எழுபதைத் தாண்டிய முதலாளிகள், டோக்கியோவில் வேறு வேலை பார்க்கும் பிள்ளைகள். பின்னால் எடுத்து நடத்த ஆளில்லை.

இன்னொரு பக்கம், பெரிய சங்கிலிக் கடைகள் நன்றாகவே நடக்கின்றன. பல மாடிக் கட்டடம், படங்களோடு மெனு, தட்டினால் ஆர்டர் போகும் திரை. "ஸுமிமாசென்!" என்று கத்த வேண்டியதே இல்லை. ஒசாகா பக்கம் 1985-ல் பிறந்த தொரிகிசொக்கு என்ற யாகிதோரிச் சங்கிலி, எல்லாமே ஒரே விலை என்று வைத்து நாடு முழுவதும் பரவியது. 280 யென்னாக இருந்த விலையை 2017-ல் 298 ஆக்கியபோது அது நாடறிந்த செய்தியானது. மாணவர்களுக்கும் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும், தனியாக வரும் பெண்களுக்கும் இந்தக் கடைகள்தான் வசதி. இதைக் குறை சொல்ல முடியாது. பழைய கடைகளின் கதகதப்பு எல்லோருக்கும் கிடைத்ததில்லை. ஆண் துணை இல்லாத பெண்களை உள்ளே விடாத கடைகள் இருந்தன. பழக்கமில்லாத முகத்தைப் பார்த்ததும் 'இடமில்லை' என்ற கடைகள் இன்றும் இருக்கின்றன.

ஆனால், திரையில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். 'இருக்கை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும்.' அளவில்லாமல் குடிக்கலாம் என்ற திட்டத்திலும் அதே கெடு, சில இடங்களில் தொண்ணூறு நிமிடம். முடிய அரை மணி நேரம் இருக்கும்போது, "கடைசி ஆர்டர்!" என்று வந்து நிற்பார்கள். வாடகையும் ஆள் பற்றாக்குறையும் கடைக்காரருக்குத்தான் தெரியும். இருந்து குடிக்கும் கடை என்று பெயர் வைத்துக்கொண்டு கடிகாரத்தைக் காட்டுவது மட்டும் உறுத்துகிறது. அந்த இளைஞர் தன் ஹொன்னேவைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. மேலதிகாரி பதில் சொல்ல ஆரம்பிக்கும்போது பில் வந்துவிடும்.

சோற்றோடு முடியும் இரவு

குடித்து முடிக்கும்போதுதான் சோறு வரும். 'ஷிமே', அதாவது முடித்துவைப்பது. சோயா தடவி வாட்டிய சோற்று உருண்டை, அல்லது கிண்ணத்துச் சோற்றின் மேல் சூடான தேநீரையோ டாஷியையோ ஊற்றி, ஊறுகாய் வைத்த ஒச்சாஸுகே. கடைசியில் மோர்சாதம் சாப்பிட்டால்தான் சாப்பிட்டதாகத் தோன்றும் என்கிறவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். சிலர் வெளியே வந்து ராமென் கடையைத் தேடுவார்கள். பில்லை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்வதுதான் வழக்கம். மேலதிகாரி வந்திருந்தால் அவர் கொஞ்சம் கூடுதலாகப் போடுவார். கடைக்காரர் வாசல்வரை வந்து குனிந்து வணங்கி அனுப்புவார். கடைசி வாடிக்கையாளர் போனதும் திரையைக் கழற்றி உள்ளே எடுத்துவைப்பார். திரை உள்ளே போனால் கடை மூடிவிட்டது என்று அர்த்தம்.

டோக்கியோவுக்கு மேற்கே கோகனேயில், பழைய வீடுகளையும் கடைகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்திருக்கும் திறந்தவெளி மியூசியம் ஒன்று உண்டு. பெயர் எடோ-டோக்கியோ கட்டடக்கலை மியூசியம். 'ஸ்பிரிட்டட் அவே' படத்துக்காக இயக்குநர் ஹயாவோ மியாஸாகி திரும்பத் திரும்ப வந்து பார்த்த இடம் என்பதால் பிள்ளைகளோடு வருகிறவர்கள் அதிகம். அங்கே 1856-ல் கட்டிய கட்டடம் ஒன்றில் காகியா என்ற இஸகாயா அப்படியே இருக்கிறது. மதுக்கடையாகத் தொடங்கி, பிறகு உட்கார்ந்து குடிக்கும் கடையாக மாறிய இடம். சாலையை அகலப்படுத்தியபோது பெயர்த்து எடுத்து இங்கே வைத்தார்கள். உள்ளே 1970 வாக்கில் எப்படி இருந்ததோ அப்படி. தேய்ந்து பளபளக்கும் மரமேடை, அலமாரியில் மது சூடாக்கும் குடுவைகள், சுவரில் மங்கிப்போன விளம்பரங்கள். குழந்தைகள் எட்டிப் பார்த்து, "இங்கே என்ன விற்றார்கள்?" என்று கேட்கிறார்கள். தாத்தாக்கள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

குளிர்காலத்தில் அந்த மியூசியம் மாலை 4.30-க்கு மூடப்படும். காவலர் வந்து எல்லோரையும் வெளியே அனுப்புவார். அந்தக் காகியாவின் கடை இன்னும் நின்றுவிடவில்லை. டோக்கியோவின் நெகிஷி பகுதியில், ஒரு சந்துக்குள், பழைய மரவீடு ஒன்றில் நடந்துகொண்டிருக்கிறது. மியூசியம் மூடிய பிறகு ரயில் பிடித்து அங்கே போய்ச் சேர்ந்தால், வாசலில் திரை தொங்கிக்கொண்டிருக்கும்.